ஈரச் சாலையில் வண்டி ஏன் நிற்க மறுக்கிறது? உராய்வு, டயர், பிரேக் பற்றிய இழை

#1 அச்சாணி

"பிரேக் பேட் புதுசு, பிரேக் ஆயில் புதுசு, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) வேறு இருக்கு. மழையில் மட்டும் ஏன் வண்டி நிற்காமல் போகுது?" இந்தக் கேள்வி வேறு வேறு இழைகளில் வந்துகொண்டே இருக்கிறது. பதில்களில் பாதி, பேட் செய்தவனைத் திட்டுவதோடு முடிந்துவிடுகிறது. அதனால் தனி இழை.

ஈரத்தில் நிற்கும் தூரம் எவ்வளவு கூடும், எண்ணாகச் சொல்ல முடியுமா? கனமான வண்டிக்கு அதிக தூரம் வேண்டும் என்பது சரியா? அகல டயர் போட்டால் பிடிமானம் ஏறுமா? வண்டியை விட்டு வெளியே வந்தாலும் சரி, நடை, ஏணி, அலமாரி தள்ளுவது எல்லாமே இதே உராய்வுதான். தெரிந்தவர்கள் எழுதுங்கள். அனுபவக் கதைகளுக்கு வேறு பகுதி இருக்கிறது. இங்கே கணக்கும் காரணமும் போதும்.

#2 கரும்பலகை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரேக் பிடிப்பது சக்கரத்தை. வண்டியைப் பிடிப்பது சாலை. டயர் தரையைத் தொடும் இடம், காரில் சக்கரத்துக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கை வழியாகச் சாலை பின்னோக்கித் தள்ளுகிற விசைக்கு மேல் எந்தப் பேடாலும் எதையும் செய்ய முடியாது.

அந்த விசையின் உச்சவரம்பு = உராய்வுக் குணகம் × வண்டியின் எடை. குணகம் என்பது இரண்டு பரப்புகள் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று காட்டும் எண். காய்ந்த தார்ச்சாலையில் குணகம் சுமார் 0.7 முதல் 0.8. நனைந்தால் 0.4 முதல் 0.5. இறுகிய பனியில் 0.2 பக்கம், வழுவழுப்பான உறைபனியில் 0.1 அல்லது அதற்கும் கீழே.

நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × குணகம் × 9.8). வேகம் மீட்டர்/நொடியில் இருக்க வேண்டும், கி.மீ. கணக்கை 3.6 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீ.
காய்ந்த சாலை (0.7): 20 மீ.
ஈரம் (0.4): 35 மீ.
உறைபனி (0.1): 142 மீ.

80 கி.மீ. வேகத்துக்கு இதே கணக்கு, காய்ந்த சாலையில் 36, ஈரத்தில் 63. இவை பிரேக் பிடித்த பிறகான தூரம் மட்டும். கண் பார்த்து, கால் பெடலுக்குப் போகும் ஒரு நொடிக்குள் 60இல் 17 மீ. ஓடியிருக்கும், அதைத் தனியாகக் கூட்டுங்கள்.

தூரத்தை விட எனக்கு உறைப்பது இன்னொரு எண். காய்ந்த சாலையில் 60இல் வருகிற வண்டி 20ஆவது மீட்டரில் நின்றுவிட்டது. அதே இடத்தில் பிரேக் பிடித்த இன்னொரு வண்டி, ஈரச் சாலையில், அந்த 20ஆவது மீட்டரைக் கடக்கும்போது என்ன வேகத்தில் இருக்கும்? பாதியாவது குறைந்திருக்கும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் 39 கி.மீ. வருகிறது. வேகம் கடைசி மீட்டர்களில்தான் மளமளவென்று விழும். "கொஞ்சம்தான் இடித்தது" என்கிற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

எடை விஷயம்: விசையும் எடையோடு ஏறுகிறது, நிறுத்த வேண்டிய நிறையும் ஏறுகிறது. இரண்டும் அடிபட்டுப் போகும். சமன்பாட்டில் எடையே கிடையாது.

#3 பத்துச்சக்கரம்

தாளில் அடிபடும், சாலையில் அடிபடாது வாத்தியாரே. லாரி கார் அளவு தூரத்தில் நிற்காது. காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, ஏர் பிரேக். பெடலை மிதித்ததும் காற்று குழாய் வழியே ஓடி பின் அச்சின் சேம்பரை (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் கிண்ணத்தை) நிரப்ப நேரம் பிடிக்கும். அரை நொடி போனாலே 60இல் 8 மீ. காலி. ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் நெம்புகோல்) தளர்ந்திருந்தால் அதற்கு மேலும்.

இரண்டு, டயர் ரப்பர். லாரி டயர் நெடுந்தூரம் தேயாமல் ஓடுவதற்காகச் செய்யப்படுவது. ரப்பர் கெட்டி, மேலே அழுத்தமும் அதிகம். அதன் குணகமே கார் டயரை விடக் குறைவு.

மூன்று, சூடு. அதைப் பற்றி யாராவது விரிவாக எழுதுவார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. காலி லாரி பாதுகாப்பு என்று நினைப்பார்கள். பிரேக் அளவு முழுப் பாரத்துக்குப் போட்டது. பாரம் இல்லாதபோது பின்சக்கரத்தின் மேல் எடை இல்லை. கொஞ்சம் அழுத்தினாலே அந்தச் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வால் பக்கம் வீசும். பாரத்துக்கு ஏற்ப பின்பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அதற்காகத்தான். அதன் இணைப்புக் கம்பி உடைந்தோ, துருப்பிடித்து இறுகியோ இருந்தால் வால்வு இருந்தும் இல்லாத கதை.

#4 கரும்பலகை

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது டயரின் எல்லை. பிரேக்கின் எல்லை என்று இன்னொன்று உண்டு. இரண்டில் எது சிறிதோ அதுதான் வண்டியை ஆளும். அளவுக்கு மீறி ஏற்றிய காரிலும் இதே நிலைமைதான்: டயரால் இன்னும் பிடிக்க முடியும், பிரேக்கால் அந்த அளவுக்குத் திருப்புவிசை கொடுக்க முடியாது. அப்போது எடை கூடினால் தூரமும் கூடும். காலி வண்டியில் நேர் எதிர். பிரேக் மிஞ்சும், டயர் முந்திக்கொண்டு தோற்கும்.

#5 பட்டறை விளக்கு

பிரேக் பக்கம் நான் எழுதுறேன்.

புது பேட் 10-12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்தா மாத்திடணும். அதுக்கப்புறம் இரும்புத் தகடுதான் டிஸ்கை (சக்கரத்தோட சேர்ந்து சுத்துற வட்டத் தகட்டை) தேய்க்கும். பேட் காசை மிச்சம் பிடிச்சு டிஸ்குக்குக் கொடுக்கிற மாதிரி.

பேட்ல ஆயிலோ கிரீஸோ பட்டா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது வீண் வேலை. உள்ளே ஊறியிருக்கும், சூடானதும் மறுபடி கசிஞ்சு மேலே வரும். பேட் மாத்தணும், டிஸ்கைப் பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கணும், ஆயில் எங்கேர்ந்து வந்ததுன்னு பார்க்கணும். டிரம்ல இருந்தா வீல் சிலிண்டர் கசிவு, இல்லேன்னா அச்சு ஆயில் சீல்.

வண்டி பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்குதா, ஒரே சக்கரத்துல ஒரு பேட் தேஞ்சு இன்னொண்ணு அப்படியே இருக்கா? காலிப்பரோட (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகத்தோட) ஸ்லைடு பின் இறுகியிருக்கு. கழட்டி, துருவைச் சுத்தம் பண்ணி, பிரேக்குக்குன்னே வர்ற கிரீஸை மெலிசாப் பூசணும். சாதா கிரீஸ் போட்டா பின் மேலே இருக்கிற ரப்பர் உப்பிப்போய் மறுபடி இறுகும்.

புது பேட் போட்டதும் அப்படியே ஓட்டக்கூடாது, பதப்படுத்தணும். ஆள் இல்லாத சாலையில 50 கி.மீ. வேகத்துலேர்ந்து 10க்கு, நிதானமான அழுத்தத்தோட, ஒரு 15 தடவை. நடுவுல சூடு ஆற இடைவெளி விட்டு ஓட்டணும். முழுசா நிறுத்தக்கூடாது. காரணம் என்னன்னா, பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க் முழுக்க ஒரே சீராப் படியணும். சூடான டிஸ்க் மேல பேடை அழுத்தி வெச்சு நின்னா அந்த ஒரு இடத்துல மட்டும் திட்டாப் படியும். பின்னாடி பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறும். எல்லாரும் "டிஸ்க் பெண்டு"ங்கிறாங்க. பாதி கேஸ்ல அது வளையறதே இல்ல, இந்தத் திட்டுதான்.

தண்ணில இறங்கி ஏறினதும் பெடலை லேசா தொட்டபடியே நூறு, இருநூறு மீட்டர் மெதுவா ஓட்டுங்க. டிஸ்க் சீக்கிரம் காயும். டிரம்முக்குள்ள தண்ணி மாட்டிக்கும், அதுக்கு இன்னும் நேரம் ஆகும்.

#6 கொண்டை ஊசி

#3இல் விட்ட சூட்டுக் கதை.

பிரேக் வேலையே இயக்க ஆற்றலை வெப்பமாக்குவது. 1200 கிலோ கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால் சுமார் 296 கிலோ ஜூல். எவ்வளவு என்று புரிய: 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இதே அளவு வேண்டும். ஒரு தடவை நிறுத்துவதற்கு ஒரு லிட்டர்.

இப்போது மலை இறக்கம். அதே கார் 500 மீ. உயரம் இறங்குகிறது. வெளியேற வேண்டிய ஆற்றல் 5.9 மெகா ஜூல். அதாவது 80இலிருந்து 20 தடவை நின்றதற்குச் சமம், நடுவில் ஆற நேரமே இல்லாமல். முழுவதையும் பேட் தலையில் கட்டினால் அது என்ன செய்யும்?

இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்கவில்லை என்றால் பேட் சூடேறி அதன் உராய்வுக் குணகம் விழுந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. கால் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு தரநிலை கேட்பது 155 மட்டும். டாட் 3க்கு 205, 140. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். நகரத்துக்குள் ஓட்டும்வரை பழைய ஆயில் காட்டிக்கொடுக்காது. மலையில் காட்டிக்கொடுக்கும்.

இறங்கும் முறை: ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில், தேவையானால் அதற்கும் ஒன்று கீழே. வேகம் ஏறினால் அழுத்தமாகப் பிடித்து, 10 கி.மீ. போலக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். இறக்கம் முழுக்கக் காலைத் தேய்த்தபடி வராதீர்கள். நியூட்ரலில் இறங்குவது எரிபொருள் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் தானாக நின்றுவிடும். எஞ்சினை அணைத்து இறங்குகிறவர்களுக்குப் பிரேக் பூஸ்டரின் (கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பாகத்தின்) உதவியும் சில மிதியோடு போய்விடும்.

கருகல் வாடை வந்தால் ஒதுங்கி நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஆறவிடுங்கள். டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடலாம்.

#7 சில்லு

ஒரு சந்தேகம். ஓடுகிற டயர் நகர்ந்துகொண்டுதானே இருக்கிறது? அப்படியானால் அங்கே இருப்பது இயக்க உராய்வு (வழுக்கும்போது இருப்பது) தானே? ஏன் எல்லோரும் நிலை உராய்வு (வழுக்காமல் பிடித்திருக்கும்போது இருப்பது) என்கிறார்கள்?

#8 கரும்பலகை

நல்ல கேள்வி. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் தரையைப் பொறுத்து நிற்கிறது. டயரின் உச்சி வண்டியின் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே போகிறது, அச்சு வண்டி வேகத்தில், அடி சுழியத்தில். ஒரு பந்தில் சாயம் தடவித் தாளில் உருட்டுவது போல. ஒட்டி எடுக்கும், இழுக்காது. அதனால் நிலை உராய்வு. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் இயக்க உராய்வு, அது குறைவு.

ரப்பரில் கொஞ்சம் நெளிவு உண்டு. சக்கரத்தின் சுழற்சி, வண்டி வேகத்தை விட 10 முதல் 20 சதவீதம் பின்தங்கும்போதுதான் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் சரியும், 100 சதவீதத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் வேலை அந்த உச்சத்தை ஒட்டியே சக்கரத்தை வைத்திருப்பது: அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை விட்டுப் பிடிக்கிறது. 1978இல் பாஷ் செய்த மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தபோதே நோக்கம் இதுதான்: முழுப் பிரேக்கிலும் ஸ்டியரிங் வேலை செய்ய வேண்டும்.

பூட்டின சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும்.

#9 பட்டறை விளக்கு

ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கு அடியில தடதடன்னு அடிக்கும். பயந்துபோய் காலை எடுத்துடறாங்க. எடுக்காதீங்க, இன்னும் மிதிங்க. கூடவே ஸ்டியரிங்கைத் திருப்புங்க, அதுக்குத்தான் அது இருக்கு.

இன்னொரு விஷயம்: சரளைக் கல்லுல ஏபிஎஸ் வண்டி கூடுதல் தூரம் போகும். பூட்டின சக்கரம் முன்னாடி கல்லைக் குவிச்சு ஆப்பு மாதிரி ஆக்கிக்கும். ஏபிஎஸ் அந்தக் குவியல் சேரவே விடாது. கோளாறுன்னு நினைச்சு சென்சார் மாத்த வேண்டாம்.

#10 கொண்டை ஊசி

வளைவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 50 மீ. ஆரமுள்ள சமதள வளைவில் போகக்கூடிய உச்ச வேகம் = (குணகம் × 9.8 × ஆரம்) இதன் வர்க்கமூலம். காய்ந்த சாலையில் 67 கி.மீ., ஈரத்தில் 50 கி.மீ. இதுவும் வழுக்கும் விளிம்பு; ஓட்ட வேண்டிய வேகம் இல்லை.

இங்கேதான் பலர் கவிழ்வது. டயருக்கு மொத்தப் பிடிமானம் ஒன்றுதான். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதிலிருந்துதான் பங்கு.

#11 சில்லு

அப்படியானால் பிரேக்குக்கு 80 சதவீதம் எடுத்தால் திருப்பத்துக்கு 20தான் மிச்சமா?

#12 கரும்பலகை

இல்லை, 60. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. பிதாகரஸ் படி சேரும். 80இன் வர்க்கமும் 60இன் வர்க்கமும் சேர்ந்தால் 100இன் வர்க்கம். ஆனால் மகிழ்ச்சியடைய வேண்டாம். 100 சதவீதமும் பிரேக்குக்குப் போனால் திருப்பத்துக்குச் சுழியம். வளைவுக்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறை, நுழைந்த பிறகு பிரேக்கைத் தளர்த்து என்று சொல்லித்தருவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

#13 இருசக்கரம்

பைக்குக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

முன் பிரேக் பிடித்தால் தூக்கியடிக்கும் என்று பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் அதிகம். பிரேக் பிடித்ததும் எடை முன்னே சாய்கிறது. பலமாகப் பிடிக்கும்போது பின்சக்கரத்தில் எடையே மிச்சமிருக்காது; எடை இல்லாத சக்கரம் என்ன பிடித்து என்ன? நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு.

தவறு நடப்பது முன் பிரேக்கில் இல்லை, வெடுக்கென்று பிடிப்பதில். எடை முன்னே வந்து டயர் அழுந்துவதற்குள் முழு விசையும் வந்தால் சக்கரம் பூட்டும், முன்சக்கரம் பூட்டினால் விழுவீர்கள். முதலில் விரலால் லேசாக இழுத்து, முன் ஃபோர்க் அமுங்கியதும் மேலும் இறுக்க வேண்டும். சாய்ந்த நிலையில் இருந்தால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள்.

மழையில் பார்த்துப் போக வேண்டியவை: சாலைக் கோடுகளின் பெயிண்ட், பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, தண்டவாளம். தண்டவாளத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறுக்காகக் கடக்கவும். டீசல் சிந்திய இடம் வானவில் நிறத்தில் மினுங்கும். நீண்ட நாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மோசம். எண்ணெய், ரப்பர் தூள், புழுதி மூன்றும் தண்ணீரோடு குழைந்து பசையாகிவிடும். பலத்த மழை கொஞ்ச நேரம் அடித்துக் கழுவிய பிறகு சற்றுத் தேவலை.

புது டயர் போட்டதும் முதல் நூறு, இருநூறு கி.மீ. நிதானம். மேல்பூச்சு தேய்ந்து ரப்பர் கொஞ்சம் சொரசொரப்பாகும்வரை வழுக்கும்.

#14 அச்சாணி

அகல டயர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பள்ளிப் பாடப்படி உராய்வு பரப்பைப் பொறுத்தது இல்லை. அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் அண்டா அகலத்தில் டயர்?

#15 கரும்பலகை

அந்த விதியை அமோன்டன் 1699இல் எழுதினார், லியோனார்டோ டா வின்சி இரண்டு நூற்றாண்டு முன்பே குறிப்பேட்டில் வைத்திருந்தார், கூலோம் என்பவர் 1785இல் விரிவாகச் சோதித்தார். மரம், இரும்பு போன்ற கெட்டிப் பொருள்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது நுண்ணிய மேடுகளின் உச்சியில் மட்டும். எடை ஏறினால் அந்தத் தொடுபரப்பும் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் பரப்பு பொருட்டில்லை.

ரப்பர் இந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படாது. சதுர சென்டிமீட்டருக்கு அழுத்தம் கூடினால் அதன் குணகம் குறையும். அகலம் கூட்டினால் அழுத்தம் பரவும், கொஞ்சம் ஆதாயம் உண்டு. அதைவிடப் பெரிய காரணம், அகல டயரில் சூடும் தேய்மானமும் பரவுவதால் மிருதுவான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. பிடிமானத்தைத் தருவது பெரும்பாலும் அந்த மிருதுத்தன்மை.

ரப்பரின் பிடி இரண்டு வழியில் வருகிறது: தரையோடு ஒட்டிக்கொள்வது ஒன்று, சாலையின் கரடுமுரடைச் சுற்றி நெளிந்து ஆற்றலை விழுங்குவது இன்னொன்று. தண்ணீர் முதலாவதைக் கெடுத்துவிடும். ஈரத்தில் நம்மைக் காப்பது இரண்டாவது. அதனால்தான் வழுவழுப்பாகத் தேய்ந்த பழைய சாலை காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, நனைந்தால் எமன்.

#16 கொண்டை ஊசி

ஈரத்தில் அகல டயர் நஷ்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலமானது தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும்.

மிதக்கும் வேகத்துக்கு நாசா ஆய்வில் வந்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு. டயர் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐயில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 16.7 ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் கிடைக்கும். 36 பிஎஸ்ஐ என்றால் 6 × 16.7, அதாவது 100 கி.மீ. 25 பிஎஸ்ஐ என்றால் 83. காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறைகிறது. விமான டயரை வைத்து, தேங்கிய நீருக்கு வந்த கணக்கு. காருக்கு மதிப்பீடு மட்டும்தான். மொட்டை டயரில் இதற்கும் கீழேயே மிதக்கலாம்.

புது கார் டயரில் காடியின் (தண்ணீர் வெளியேற வெட்டிய பள்ளத்தின்) ஆழம் 8 மி.மீ. பக்கம். காடிக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடு 1.6 மி.மீ. உயரம்; பட்டன் பகுதி (தரையைத் தொடும் ரப்பர்) தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றுவது என் கட்சி.

மிதக்கத் தொடங்கியதன் அறிகுறி: ஸ்டியரிங் திடீரென்று வெண்ணெய் போல லேசாகும், டயர் இரைச்சல் மாறும், இயக்கும் சக்கரம் மிதந்தால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறும். ஆக்சிலேட்டரை விடுங்கள். பிரேக் வேண்டாம், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தால், டயர் தரையைத் தொடும் கணத்தில் வண்டி அந்தப் பக்கம் பாயும்.

#17 பட்டறை விளக்கு

மழைக்குக் காத்தை இறக்கினா பிடிமானம் கூடும்னு ஒரு பேச்சு ஓடுது. மேலே உள்ள கணக்கே அதுக்குப் பதில். காத்து குறைஞ்சா டயர் நடுப்பகுதி உள்வாங்கும், தண்ணியை வெளியே தள்ளாது. மணலுக்கு மட்டும்தான் இறக்கணும்: 15-18 பிஎஸ்ஐ வரைக்கும், மெதுவா ஓட்டி, கெட்டித் தரை வந்ததும் திரும்ப நிரப்பிடணும்.

அழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது பாருங்க. 10 டிகிரி ஏறினா ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். சூட்டுல பார்த்து "அதிகமா இருக்கே"ன்னு இறக்கிட்டா காலையில குறைவா நிக்கும்.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2321ன்னா 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம். காடி ஆழமா இருந்தாலும் ரப்பர் வயசாக வயசாகக் கெட்டியாகும், ஈரத்துல பிடிக்காது. 6 வருஷத்துக்கு மேல போனா வருஷா வருஷம் விரிசல் பாருங்க, 10 வருஷம் ஆனா பார்க்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்க.

#18 படிக்கட்டு

நடை பற்றி எழுதலாம் என்றதால் வந்தேன்.

சமதரையில் சாதாரணமாக நடக்கத் தேவையான குணகம் சுமார் 0.2தான். சோப்புத் தண்ணீர் நின்ற பளபளப்பான டைல்ஸ் அதற்கும் கீழே போய்விடும். வழுக்கும் ஆபத்து அதிகம் குதிகால் தரையைத் தொடும் கணத்தில். கால் முன்னே ஓடி ஆள் பின்பக்கமாக விழுவார். அடி நீளமாக நீளமாகக் கால் சாய்வாக இறங்கும், தேவைப்படும் உராய்வும் ஏறும். ஈரத்தில் அடியைக் குறுக்கி, பாதத்தை முழுதாக, நேர் கீழே வைக்கச் சொல்வது இதனால். திடீர்த் திருப்பத்துக்கும் வண்டி தள்ளுவதற்கும் 0.2 போதாது.

தேய்ந்த ரப்பர் செருப்பு என்பது மொட்டை டயர்தான். அடிப்பாகத்துக் காடி தண்ணீருக்கு வழி. தரையை அதிக சோப்பு போட்டுத் துடைத்து அலசாமல் விட்டால் காய்ந்த படலம் அடுத்த முறை நனையும்போது உயிர் பெறும்.

ஏணி: உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரம் சுவரிலிருந்து தள்ளி, அதாவது 75 டிகிரி. ஆள் உச்சியில் நிற்க, சுவரில் உராய்வே இல்லை என்று வைத்தால் அடியில் தேவையான குணகம் 0.27. ஏணியை 60 டிகிரிக்குச் சாய்த்தால் 0.58. கீழ்ப்படியில் நின்று குலுக்கிப் பார்த்து "கெட்டியா இருக்கு" என்பதில் அர்த்தமில்லை. மேலே ஏற ஏறத்தான் அடி வெளியே தள்ளும்.

அலமாரி: 100 கிலோ, குணகம் 0.4. நேராகத் தள்ளினால் 40 கிலோ விசை. கயிறு கட்டி 22 டிகிரி மேல்நோக்கி இழுத்தால் 37. அதே 22 டிகிரியில் கீழ்நோக்கிக் குனிந்து தள்ளினால் 51, ஏனென்றால் நீங்களே அதைத் தரையில் அழுத்துகிறீர்கள். அலமாரியின் உச்சியில் கை வைத்துத் தள்ளினால் கவிழும், தாழ்வான இடத்தில் கை வைத்துத் தள்ளுங்கள். கால்களுக்கு அடியில் பழைய கம்பளி மடித்துப் போட்டால் குணகமே இறங்கிவிடும்.

#19 சில்லு

உராய்வைக் குறைக்கவே கூடாத இடம் என்று வண்டியில் ஏதாவது?

#20 பட்டறை விளக்கு

வீல் நட். சுலபமா கழலட்டும்னு மரையில கிரீஸ் தடவுறாங்க. நட்டை இறுக்கும்போது கொடுக்கிற திருப்புவிசையில ஏறக்குறைய 90 சதவீதம் மரையிலும் நட்டோட இருக்கையிலும் உராய்வாவே போகுது. மீதி 10தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்குது. கையேட்டுல போட்டிருக்கிற அளவு காய்ஞ்ச மரைக்கானது. கிரீஸ் தடவி அதே அளவு இறுக்கினா போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டு நீளும், ஒரு நாள் முறியும். கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, காய்ஞ்ச மரையில, எதிரெதிர் வரிசையில, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வெச்சு இறுக்குங்க. 50-100 கி.மீ. ஓட்டிட்டு மறுபடி பாருங்க. துரு பயம்னா வீல் உட்காருற ஹப் முகத்துல மட்டும் மெலிசா எதிர்துரு பசை, மரையில வேண்டாம்.

அடுத்தது கிளட்ச். ஏற்றத்துல ஹாஃப் கிளட்ச்ல வண்டியைப் பிடிச்சு வெச்சா தட்டு வழுக்கிக்கிட்டே எரியும். ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்கு?

#21 அச்சாணி

#2 சூத்திரத்தில் 100 கி.மீ. போட்டுப் பார்த்தேன். காய்ந்தால் 56, ஈரத்தில் 98 மீ. இரவில் லோ பீமில் முன்னே 50 மீ. தெளிவாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரச் சாலையில், பார்க்கும் தூரத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் எந்த வேகத்துக்கு மேல் போகக்கூடாது?

#22 கரும்பலகை

குணகம் 0.4, கால் பெடலுக்குப் போக ஒரு நொடி: 58 கி.மீ. ஒன்றரை நொடி எடுப்பவருக்கு 53.